மூன்றாவது குழி

நூறு வோல்ட் காட்டுகிறது. கம்பியிலிருந்து குமிழி கிளம்புகிறது, ஆக ஜெல் ஓடுகிறது. இரண்டு நாற்பதுக்கு ஸ்விட்சைப் போட்டேன், நாலு மணிக்கு எடுத்து யூவி விளக்கின் மேல் வைத்துப் பார்த்துவிடலாம், அதுவரை செய்ய ஒரு வேலையும் இல்லை, போய் டீ குடிக்கலாம், முகம் கழுவலாம், ஜெல் ஓடுவதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, பார்த்தால் அது வேகமாக ஓடப்போவதும் இல்லை, ஆனால் நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்பவளைப் போல. ஜெல்லின் ஒரு ஓரத்தில் நாலு குழி, கரண்ட் இழுக்க இழுக்கக் குழியில் ஊற்றியது நகர்ந்துபோய் அதனதன் அளவுக்கு ஏற்ற இடத்தில் கோடாக நிற்கும். முதல் குழியில் நோயே தொடாத தட்டைப்பயறுச் செடியின் இலையிலிருந்து எடுத்த ஆர்என்ஏ. இரண்டாவதில் அசல் வைரஸ் போட்ட செடியிலிருந்து எடுத்தது. மூன்றாவதில் உடைசல் போட்ட செடி, நாலாவதில் ஒட்டு போட்ட செடி. உடைசல், ஒட்டு என்று பெயர் வைத்தது நான்தான், ஆறு வருஷம் ஒரு சங்கதியோடு குடித்தனம் நடத்தினால் செல்லப்பெயர் வந்துவிடும், இப்போது லேப் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள், எங்கள் கைடு சார்கூடச் சொல்கிறார். இந்த வைரஸ் செடிக்குள் ஏகமாகப் பெருகும், இலையின் ஆர்என்ஏவை அப்படியே ஓட்டினாலே அது தனிக் கோடாகத் தெரியும். இரண்டிலும் நாலிலும் கோடு வரவேண்டும். மூன்றில் வரக்கூடாது. வந்தால் என் ஆராய்ச்சிக் கட்டுரை பொய், என் ஆய்வேடு பொய், வியாழக்கிழமை நடக்கவிருக்கும் வைவா பொய், அதெல்லாம்கூடப் போகட்டும், எதிர் மேசையில் கண்ணாடிப் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஹபீபின் இரண்டு வருஷமும் பொய். அவன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு தாள். ஆராய்ச்சியை விட்டு விலகுகிறேன் என்று எழுதியிருக்கிறான், நாலு மணிக்கு சார் டீ குடித்துவிட்டு அறைக்கு வந்ததும் கொடுத்துவிடுவானாம். என் ஜெல்லும் நாலு மணி, அவன் தாளும் நாலு மணி, யார் இப்படி நேரம் குறித்தது என்று தெரியவில்லை.

வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதற்குப் பதில் நான் வைரஸைப் பற்றி நினைக்கிறேன், நினைப்பதற்கு அது சுகமான விஷயம், இன்றைக்கும் சுகமாகத்தான் இருக்கிறது. ஒரு நூல், அவ்வளவுதான் அந்த வைரஸ். நாலாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் கோத்த ஒற்றை ஆர்என்ஏ நூல். எழுத்துகளுக்குள் ஜோடி சேரும் குணம் இருப்பதால் நூல் நேராக நிற்பதில்லை, தன்மேல் தானே மடங்கிக்கொள்கிறது, மடங்கிய இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நுனியில் ஒரு வளையம் மிஞ்சுகிறது, அதற்குப் பெயர் கொண்டை ஊசி. என் அப்பா கொல்லிமலைத் தடத்தில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். எழுபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை, சின்ன வயதில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு நான் எண்ணிக்கொண்டே போவேன், நாற்பதைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவேன். மேலே இருந்து லாரி இறங்கினால் அப்பா வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நிறுத்திவிடுவார், இரண்டும் ஒரே நேரத்தில் வளைவுக்குள் நுழைய முடியாது. வைரஸுக்கும் அதுதான் பாடு. செல்லுக்குள் போனதும் அதன் நூலைத் தலைப்பக்கத்திலிருந்து ஒரு எந்திரம் படித்துக்கொண்டே வரும், படித்துப் புரதம் செய்யும். வால்பக்கத்திலிருந்து இன்னொரு எந்திரம் நகல் எடுத்துக்கொண்டே வரும். ஒரே பாதை, எதிரும் புதிருமாக இரண்டு வண்டி. யார் போவது, யார் நிற்பது என்று அந்த நூலின் மடிப்புதான் முடிவு செய்கிறது, ஓரிடத்தில் மடிப்பு இறுகினால் படிப்பு நிற்கும், நகல் தொடங்கும். வால்பக்கத்தில் பதினொரு ஜோடி கொண்ட ஒரு கொண்டை ஊசிதான் அந்த இடம் என்று நான் சொன்னேன். அதில் ஒரு பக்க எழுத்துகளை மாற்றி ஜோடியைப் பிரித்தேன், அது உடைசல். எதிர்ப்பக்க எழுத்துகளையும் பொருத்தமாக மாற்றி மறுபடி ஜோடி சேர்த்தேன், அது ஒட்டு. உடைசல் பெருகாது, ஒட்டு பெருகும், ஆகவே எழுத்து முக்கியமில்லை, மடிப்புதான் முக்கியம். இவ்வளவு அழகான தர்க்கம் என் வாழ்க்கையில் வேறெதிலும் எனக்கு அமைந்ததில்லை.

எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று காட்டக் கலந்த நீலச்சாயம் குழியிலிருந்து ஒரு விரல் அளவு நகர்ந்திருக்கிறது. மணி மூன்று ஐந்து. மார்ச் பதினெட்டு. நினைக்கக்கூடாது என்றால் அந்தத் தேதிதான் வருகிறது. மூன்று வருஷம் முன்பு, மார்ச் பதினெட்டு, மத்தியானம், ஐஸ் டப்பாவில் மூன்று குழாய்கள், அசல், உடைசல், ஒட்டு, அன்று காலையில்தான் புதிதாகத் தயாரித்த ஆர்என்ஏ. ஆர்என்ஏ மாதிரி ஒரு தொட்டால்சிணுங்கி உலகத்தில் கிடையாது. நம் வியர்வையில், எச்சிலில், விரல் நுனியில் அதைத் துண்டு துண்டாக வெட்டும் நொதி இருக்கிறது, அதனால்தான் கையுறை, அதனால்தான் எதைத் தொட்டாலும் கையுறையை மாற்று என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது, எழுதியதும் நான்தான். உடைசல் குழாயின் மூடியைத் திறந்து வைத்திருந்தபோது போன் அடித்தது. அப்பா. எடுக்காமல் விட்டிருக்கலாம், ஆனால் அன்றோடு அவருக்கு ரிடையர்மென்ட், கடைசி ட்ரிப், மேலே போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தார். "மேல வந்துட்டேன் கண்ணு. எழுபதும் முடிஞ்சுது. நீ சாப்புட்டயா?" சாப்பிட்டேன் என்றேன், சாப்பிடவில்லை. "செரி, வேலையப் பாரு கண்ணு, வெச்சர்றேன்." நாற்பது விநாடிகூட இருக்காது. போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அதே கையுறையோடு குழாயை எடுத்து மூடினேன், கட்டைவிரல் மூடியின் உள்பக்கம் பட்டது. பட்டதைப் பார்த்தேன். இதைத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை, பார்க்காமல் பட்டிருந்தால் அது தவறு, நான் பார்த்தேன், பார்த்துவிட்டு ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டேன். செடிக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொரு குழாயிலும் ஒரு சொட்டு எடுத்து ஜெல்லில் ஓட்டி முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது இந்த லேபின் சட்டம், அந்தப் படத்தை நோட்டில் ஒட்டாமல் சார் கையெழுத்துப் போடமாட்டார். அன்றைக்கு யூவி விளக்கைப் பக்கத்து லேப் ஐந்து மணி வரை வாங்கி வைத்திருந்தது, செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகையை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள், செடிகளுக்குச் சரியான இலைப்பருவம், நாளைக்கு முற்றிவிடும். போட்டுவிட்டேன். அடுத்த வாரம் கையெழுத்துக்கு நோட்டைக் கொடுக்கும்போது பிப்ரவரியில் ஓட்டிய படம் ஒன்று மேசை இழுப்பறையில் இருந்தது, மூன்று கோடும் பளிச்சென்று இருந்தது, அதைக் கத்தரித்து ஒட்டினேன். பசை காய்வதற்குள் மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று முறை செய்தால்தான் சோதனை. பதினெட்டாம் தேதி ஒரு முறை, இருபத்தொன்றில் ஒரு முறை, இருபத்தைந்தில் ஒரு முறை. மூன்று முறையும் அதே மூன்று குழாய்களிலிருந்து எடுத்தேன். ஒரே குழாயிலிருந்து மூன்று முறை ஊற்றிவிட்டு மூன்று தனிச் சோதனைகள் என்று எழுதினேன். உலகத்தில் பாதி லேப்பில் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அன்றைக்குச் சமாதானம், இன்றைக்கு அந்தச் சமாதானம் செல்லவில்லை. குழாயில் செத்த ஆர்என்ஏ இருந்தால் மூன்று முறை என்ன, முப்பது முறை ஊற்றினாலும் செடி பச்சையாகத்தான் நிற்கும். நின்றது. அசல் போட்ட செடிகளும் ஒட்டு போட்ட செடிகளும் பதினோராம் நாள் மஞ்சள் திட்டு விழுந்து சுருண்டன, நடுவரிசையில் உடைசல் போட்ட பன்னிரண்டு தொட்டியும் பச்சைப்பசேலென்று நின்றன. கொட்டகைக்குள் நின்று நான் அழுதேன், சந்தோஷத்தில். தர்க்கம் எதைச் சொன்னதோ அதையே செடி சொன்னது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை, தப்பான விடை வந்திருந்தால் நானே பத்துத் தடவை சரிபார்த்திருப்பேன், சரியான விடை வந்ததால் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கட்டுரை வந்தது. அப்பா அதன் முதல் பக்கத்தை நாமக்கல்லில் லேமினேட் செய்து கூடத்தில் மாட்டியிருக்கிறார், அதில் அந்தக் கொண்டை ஊசியின் படம் இருக்கிறது, வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம மலைப்பாதையப் புள்ள எதுக்குள்ளயோ கண்டுபுடிச்சிருக்குது" என்று காட்டுகிறார். யாருக்கும் புரியாது, எல்லோரும் தலையாட்டிவிட்டுக் காபி குடிப்பார்கள்.

"அக்கா, இந்த மார்க்கர் உங்களோடதுதான?" ஹபீப் நீட்டுகிறான். வச்சுக்கோ என்கிறேன். "எனக்கு எதுக்குக்கா இனிமே" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போகிறான். பள்ளப்பட்டிக்காரன், மச்சான் சொல்லித் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் தண்ணீர் சோதிக்கும் வேலை தயாராக இருக்கிறது. இவன் சேர்ந்த நாள் எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது, கட்டுரை வந்து ஐந்து மாதம், சார் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கொண்டை ஊசியை செல்லின் ஏதோ ஒரு புரதம் வந்து பிடிக்கவேண்டும், பிடித்தால்தான் படிப்பு நின்று நகல் தொடங்கும், அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிப்பதுதான் உன் வேலை என்று சார் சொன்னார். வெளியே வந்ததும் இவன் கேட்டான், "அக்கா, தப்பா நினைக்காதீங்க, அந்தக் கொண்டை ஊசி உறுதிதான?" என் வாய் கொஞ்சமும் தடுமாறவில்லை. உறுதி என்றேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்தக் கொண்டை ஊசியைத் தூண்டிலில் மாட்டி இலைச்சாற்றில் போட்டுப் போட்டு எடுத்தான், ஒன்றும் மாட்டவில்லை. உப்பை மாற்றினான், சூட்டை மாற்றினான், இலையை மாற்றினான், ரம்ஜான் நோன்பு நாளில்கூடத் தண்ணீர் குடிக்காமல் குளிர்அறைக்குள் நின்று ஓட்டினான். லேபில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள், ஹபீப் தொட்டால் பொன்னும் மண்ணாகும் என்று, அவனும் சேர்ந்து சிரித்தான், பிறகு அதையே நம்பத் தொடங்கிவிட்டான். "என் கையில ராசி இல்லக்கா." போன மாதம் இதைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. பரவாயில்லையா? போன வருஷம் ஆடி மாதம் ஒரு நாள் ஓடி வந்தான், கையில் ஒரு படம். அவனாகவே உடைசலைத் தயாரித்துச் செடிக்குப் போட்டிருக்கிறான், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. "அக்கா, உடைசல் வளருது." நான் படத்தைப் பார்த்தேன். கோடு இருந்தது. என்ன சொன்னேன்? குழாய் மாத்தி ஊத்தியிருப்பே, எல்லாத்தையும் கழுவிட்டு மறுபடி பண்ணு என்றேன். முகம் சுண்டிப்போய் நின்றான். சரி, என்கிட்டே பழைய குழாய் இருக்கு, சோதிச்ச குழாய், அதுல இருந்து எடுத்துக்கோ என்று ஃப்ரீசரைத் திறந்து நானே எடுத்துக் கொடுத்தேன். மார்ச் பதினெட்டு என்று மூடியில் எழுதியிருந்த குழாய். அவன் அதைப் போட்டான், செடி பச்சையாக நின்றது, என்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டான். "என்னோடதுலதான் கலப்படம் ஆயிடுச்சு போலக்கா, உங்களைப் போட்டுக் குழப்பிட்டேன்." மன்னிப்புக் கேட்டான். கொடுக்கும்போது எனக்குத் தெரியுமா? இந்தக் கேள்வியைத்தான் பத்து நாளாகத் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். தெரிந்தே செத்த குழாயைக் கொடுக்கிற அளவுக்கு நான் கெட்டவள் இல்லை. தெரியாமல் கொடுத்தேன் என்றால் குழாயை நீட்டும்போது ஏன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை? பக்கத்திலேயே அசலும் ஒட்டும் இருந்தன, மூன்றையும் சேர்த்து ஒரு சொட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்திருக்கலாம், ஒன்றரை மணி நேர வேலை. ஓட்டவில்லை. ஓட்டாமல் இருந்ததற்குக் காரணம் என்னவாக இருந்திருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அதைச் சொல்லும் இடம் வரும்போதெல்லாம் மனம் வண்டியை ஒதுக்கி நிறுத்திவிடுகிறது.

மூன்று இருபத்தைந்து. நீலம் பாதி தாண்டிவிட்டது. போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை வெளிநாட்டு லேப் ஒன்றிலிருந்து சாருக்கு மெயில் வந்தது, மிகவும் மரியாதையான மெயில், உங்கள் உடைசல் எங்கள் கையில் நன்றாகவே பெருகுகிறது, நாங்கள் எங்கே தவறு செய்கிறோம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சார் சிரித்தார். "அவங்களுக்குத் தட்டைப்பயறு வளர்க்கவே தெரியாதும்மா. வைவாவுக்கு முன்னாடி ஒரு தடவை புதுசா ஓட்டி ஒரு படம் எடுத்து அனுப்பிடு, வாயை மூடிக்குவாங்க." புதிதாக ஆர்என்ஏ தயாரித்தேன், இந்த முறை ஒரு சொட்டு ஓட்டினேன், மூன்றும் முழுசாக இருந்தன, மூன்று வருஷத்தில் முதல்தடவையாக உடைசலின் முழு நூல் ஒன்றை நான் செடிக்குள் அனுப்பினேன். நாலாம் நாளே இலையை அறுத்துக்கொண்டு வந்துவிட்டேன், திட்டு விழுகிறதா என்று காத்திருக்கத் தைரியம் இல்லை, மீதித் தொட்டிகள் கொட்டகையில் இருக்கின்றன, நான் அந்தப் பக்கம் போகவில்லை, தண்ணீர் ஊற்றச் சொல்லித் தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டேன். கோடு வந்தாலும் தப்பிக்க வழியில்லாமல் இல்லை. உடைசல் செடிக்குள் போய்த் தன்னைத் தானே திருத்திக்கொண்டது என்று சொல்லலாம், வைரஸ்கள் அப்படிச் செய்யும், நகல் எடுக்கும்போது தப்பு விட்டு விட்டுச் சில சமயம் பழைய எழுத்துக்கே திரும்பிவிடும். அதை எழுத்து எழுத்தாகப் படித்து நிரூபிக்க இரண்டு வாரம் ஆகும், அதற்குள் வைவா முடிந்துவிடும். அல்லது இங்கே தட்டைப்பயறு ரகம் வேறு, அங்கே ரகம் வேறு என்று சொல்லலாம். அல்லது இந்த ஜெல்லை இப்போதே எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு ஓடும்போது கிழிந்துவிட்டது என்று சொல்லலாம், ஜெல் கிழியும், அதில் அதிசயம் இல்லை. எத்தனை சுலபமாக வருகிறது, ஒன்று, இரண்டு, மூன்று. இவ்வளவு கெட்டிக்காரத்தனம் அன்றைக்கு வேறு செடி வளரும்வரை காத்திருக்க உதவவில்லை. எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது, வியர்க்கிறது, கையுறைக்குள் விரல்கள் ஈரமாக ஒட்டிக்கொள்கின்றன.

கரண்ட் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். குலசாமியை இதற்கெல்லாம் கூப்பிடுவதா என்று வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கூப்பிடுகிறேன். கரண்ட் போகவில்லை. ஹபீப் அவனுடைய பெட்டியிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுத்து வருகிறவனுக்குப் புரியும்படி பட்டியல் எழுதுகிறான், எந்தக் குழாயில் என்ன, என்றைக்குச் செய்தது, எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது. விட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் இப்படி எழுதுவார்கள்? "அக்கா, நீங்க ஒருதடவை உங்க பழைய குழாய் குடுத்தீங்கல்ல, உடைசல், அதுல மிச்சம் இருக்கு. உங்க பெட்டியிலயே வச்சுடவா?" தூக்கிப் போட்டுடு என்கிறேன், குரல் சத்தமாக வந்துவிட்டது. திரும்பிப் பார்க்கிறான். "ஐயோ, அதை எப்படிக்கா போடுறது. வேலை செஞ்ச குழாய் அது ஒண்ணுதான்." பத்திரமாக ஒரு சின்னப் பையில் போட்டு, பையின் மேல் என் பெயரை எழுதுகிறான், தமயந்தி அக்கா என்று, அக்காவையும் சேர்த்து. சொல்லிவிடு. இப்போது சொல்லிவிடு. ஹபீப், இங்கே வா, உட்கார். அப்புறம்? அப்புறம் இவன் முகம் எப்படி ஆகும்? என்னை அடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இவன் அடிக்கமாட்டான், கண்ணை இடுக்கிக்கொண்டு யோசிப்பான், தான் எங்கே தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று யோசிப்பான். அவன் போகட்டும், திருப்பூரில் நல்ல சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு, இங்கே என்ன இருக்கிறது, நான் ஒன்றும் சொல்லாவிட்டாலும் அவன் நன்றாகத்தான் இருப்பான். நன்றாக இருப்பான், ஆனால் தன் கை எதற்கும் லாயக்கில்லை என்று நம்பிக்கொண்டு இருப்பான், பட்டறையில் தண்ணீரைச் சோதிக்கும்போதும் இரண்டு தடவை சோதிப்பான், நாளைக்குப் பெண்டாட்டி பிள்ளையிடமும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்வான். அந்த நம்பிக்கையை அவனுக்குக் கொடுத்தது நான்.

நாலு மணி. ஸ்விட்சை அணைக்கிறேன், குமிழிகள் நிற்கின்றன. பழைய லேப் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஜெல்லைத் தட்டில் ஏந்தி இருட்டறைக்குப் போகிறேன், வழியில் தட்டு சாய்கிறது, விழுந்தால் நல்லது என்று ஒரு கணம் பிடியைத் தளர்த்துகிறேன், விழவில்லை. பின்னாலேயே ஹபீப் வருகிறான், அக்கா, நானும் பாக்கறேன், கடைசியா ஒருதடவை உங்க கொண்டை ஊசியைப் பாத்துட்டுப் போறேன் என்று. கையில் அந்த ஃபைல். கண்ணாடி மூடியை இறக்கி விளக்கைப் போடுகிறேன். முதல் குழிக்குக் கீழே செடியின் சொந்தக் கோடுகள் மட்டும், வைரஸ் இல்லை. இரண்டாவதில் தடித்த ஆரஞ்சுக் கோடு. நாலாவதிலும் அதே. மூன்றாவதில் அதே கோடு, அதே உயரத்தில், அதே தடிமனில், கொஞ்சம்கூட மங்கவில்லை. இது வரும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் வராது என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன், அந்த மூலை இடிந்து விழுகிறது, இவ்வளவு வலிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஹபீப் ரொம்ப நேரம் பார்க்கிறான். பிறகு மெதுவாக, எனக்கு வலிக்கக்கூடாது என்பதுபோலச் சொல்கிறான். "குழாய் மாத்தி ஊத்திட்டீங்க போலக்கா."

நான் மூன்றாவது கோட்டையே பார்க்கிறேன்.

"வைவா டென்ஷன்ல இருக்கீங்க. எனக்கும் ஆச்சே ஒருதடவை, ஞாபகம் இருக்கா? நீங்கதான் கண்டுபுடிச்சுச் சொன்னீங்க. விடுங்க, மிச்ச இலை இருக்குல்ல? நான் அரைச்சுத் தரேன், நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க, என் கை சரியில்லன்னா சொல்லுங்க. ஆறு மணிக்குள்ள ஓட்டிடலாம். சாரை நாளைக்குப் பாத்துக்கறேன்." ஃபைலைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுச் சட்டைக்கையை மடக்கி மேலேற்றுகிறான், பெட்டியிலிருந்து புதுக் கையுறை எடுத்து மாட்டுகிறான், சுவரில் நான் எழுதி ஒட்டியபடியே. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனே ஒதுங்கி வழிவிட்டு நிற்கிறான், நான் போகவேண்டியதுதான் பாக்கி.

"மாத்தல ஹபீப்" என்கிறேன். "சரியாத்தான் ஊத்தினேன். உடைசல் வளரும். போன வருஷம் நீ போட்டப்பவும் அதுதான் வளந்துச்சு. உன் கையில ஒண்ணும் இல்ல. அந்தக் கொண்டை ஊசியை எந்தப் புரதமும் புடிக்காது, ரெண்டு வருஷமா உன் கை அதைத்தான் சரியாச் சொல்லிட்டிருந்துச்சு. நான் குடுத்த குழாய்லதான் ஒண்ணும் இல்ல." ஒரே மூச்சில் வந்துவிட்டது. போன், கையுறை, கட்டைவிரல், நோட்டில் ஒட்டிய பிப்ரவரிப் படம், மூன்று முறை ஊற்றிய ஒரே குழாய், எல்லாவற்றையும் சொன்னேன், வரிசையாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. யூவி விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, அணைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. நான் நினைத்தபடியே கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறான்.

"எப்பக்கா தெரியும் உங்களுக்கு?"

போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, மெயில் வந்தபோது என்று சொல்லலாம். அது பொய்யுமில்லை, சொன்னால் நம்புவான், அதோடு முடிந்துவிடும், பாதி மன்னிப்பும் கிடைக்கும். நாக்கு நுனியில் தயாராக இருக்கிறது.

"நீ சேர்றதுக்கு முன்னாடியே" என்கிறேன்.

வெளியே அட்டெண்டர், சார் வந்துட்டாரு, யாரோ பாக்கணும்னீங்களே என்று குரல் கொடுக்கிறார். நான் பிப்ரவரிப் படம் ஒட்டிய நோட்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, நானும் வரேன், நான் முதல்ல போறேன் என்கிறேன். அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இப்போதுதான் மாட்டிய கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, விளக்கின் அந்த ஊதா வெளிச்சத்தில் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.